லுத்தரன் சபை, வீட்டு ஜெபம், புயலுக்குப் பிந்தைய நாட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரங்கம்பாடியில் தொடங்கி நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் என்று இறங்கும் கடற்கரையிலும் அதை ஒட்டிய டெல்டா ஊர்களிலும் லுத்தரன் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. சுனாமியையும் கஜா புயலையும் பார்த்த கரை இது. கீழே உள்ள கேள்விகள், ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் விசுவாசத்தை உறுதிசெய்யப் படிக்கும் திடப்படுத்தல் வகுப்பிலும் துக்க வீட்டிலும் நிவாரண லாரி வந்து நிற்கும் இடத்திலும் எழுபவை. சபையார் கேட்பதும் உண்டு, பக்கத்து வீட்டுக்காரர் கேட்பதும் உண்டு. பதில்கள் சபையின் அதிகாரபூர்வ அறிக்கை அல்ல. சபைக் காரியங்களில் கிடந்து உழலும் ஒரு சாதாரண உறுப்பினரின் பதில்கள்.

லுத்தரன் என்றால் யார்? சி.எஸ்.ஐ.யும் நீங்களும் ஒன்றுதானே?

இல்லை. 1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் முதலிய சபைகள் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) ஆனபோது லுத்தரன் சபைகள் அதில் சேரவில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. பெண் கொடுக்கிறோம், எடுக்கிறோம், ஒருவர் கோயிலில் ஒருவர் போய் உட்காருகிறோம்.

லுத்தரன் என்ற பெயர் 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் சபையைச் சீர்திருத்திய மார்ட்டின் லுத்தரிடமிருந்து வந்தது. தமிழ் மண்ணில் அதன் கதை 1706 ஜூலை 9ஆம் தேதி தொடங்குகிறது. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய சீகன்பால்க், புளுட்சோ என்ற இரண்டு ஜெர்மானியர்கள் அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கேயே அச்சாகி முடிந்தது. இன்றுள்ள புதிய எருசலேம் ஆலயம் 1718இல் பிரதிஷ்டை ஆனது. அடுத்த வருடமே சீகன்பால்க் இறந்து அதற்குள்ளேயே அடக்கமானார். 1733இல் ஆரோன் என்ற தமிழர் குருவாக அபிஷேகம் பெற்றார். 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனிச் சபையாக அமைந்தது. டி.இ.எல்.சி. என்றால்தான் பலருக்கும் புரியும். பேராயர் 'தரங்கம்பாடி பேராயர்' என்று அழைக்கப்பட்டாலும் இருப்பது திருச்சியில். இது தவிர, கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை உண்டு. நாகர்கோவில், ஆம்பூர்ப் பக்கம் இருப்பவர்கள் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. ஞானோபதேசம், அதாவது விசுவாசத்தின் அடிப்படைகளைக் கேள்வி பதிலாகச் சொல்லும் சிறு பாடநூல், எல்லோருக்கும் ஒன்றுதான்.

பிள்ளைகளை ஞானோபதேசம் மனப்பாடம் செய்யச் சொல்கிறீர்கள். இந்தக் காலத்தில் அது எதற்கு? புயல் நிவாரணத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

1528இல் லுத்தர் சாக்சனி நாட்டுக் கிராமச் சபைகளைப் பார்வையிடப் போனார். ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு இயேசு கற்றுத்தந்த பரமண்டல ஜெபம் தெரியவில்லை, பத்துக் கட்டளை தெரியவில்லை, சில இடங்களில் குருமாருக்கே சரியாகத் தெரியவில்லை. அடுத்த வருடம், 1529இல், சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். முதலில் அது சுவரில் ஒட்டும் தாள்களாகத்தான் அச்சாகி வந்தது. வீட்டுத் தலைவர் தன் வீட்டாருக்கு இதை எளிமையாகச் சொல்லித்தர வேண்டும் என்று ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் போட்டிருந்தார். கோயிலுக்கு என்று எழுதியதைவிட வீட்டுக்கு என்று எழுதியதே அதிகம். அதுவும் கேள்வி பதிலாக. ஒவ்வொரு கட்டளைக்கும் கீழே ஒரே கேள்வி: இதற்கு அர்த்தம் என்ன?

ஐந்தாம் கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். "கொலை செய்யாதிருப்பாயாக." (சி.எஸ்.ஐ. வீட்டில் வளர்ந்தவர்கள் இதை ஆறாம் கட்டளை என்பார்கள். எண்ணும் முறை வேறு. கலப்புத் திருமணம் செய்த வீடுகளில் பிள்ளையின் நோட்டைப் பார்த்து அப்பாவும் அம்மாவும் வாக்குவாதம் செய்வது நடக்கிற காரியம்.) நான் யாரையும் கொன்றதில்லை, தப்பித்தேன் என்று பிள்ளை நினைக்கும். லுத்தரின் விளக்கம் விடாது: அயலானுடைய சரீரத்துக்குத் தீங்கு செய்யாமல் இருந்தால் மட்டும் போதாது, அவனுடைய சரீரத்துக்கு வரும் எல்லாத் தேவையிலும் அவனுக்கு உதவியாய், நண்பனாய் இருக்க வேண்டும் என்கிறது. அப்படியானால் தண்ணீரில் நிற்கும் பக்கத்து வீட்டைப் பார்த்துக்கொண்டு மாடியில் சும்மா இருப்பதும் கட்டளை மீறல்தான். ஏழாம் கட்டளையும் அப்படியே. திருடாமல் இருப்பதோடு அது முடிவதில்லை. அயலானுடைய சொத்தையும் பிழைப்பையும் காப்பாற்றிக்கொடு, பெருக உதவு என்கிறது. படகும் வலையும் தென்னையும் அதற்குள் வந்துவிடும்.

இன்னொன்று. பரமண்டல ஜெபத்தில் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற வரிக்கு விளக்கமாக ஒரு பட்டியல் வரும். சாப்பாடு, துணிமணி, செருப்பு, வீடு, நிலம், மாடு, பணம் என்று நீண்டு, நல்ல அரசாங்கம், நல்ல பருவநிலை, சமாதானம், சுகம், நல்ல நண்பர்கள், உண்மையுள்ள அயலார் என்று முடியும். நல்ல பருவநிலை, நல்ல அரசாங்கம், உண்மையுள்ள அயலார் மூன்றும் அன்றாடச் சோற்றுக் கணக்கில் சேர்ந்தவை! கஜா அடித்த வாரம் இந்தப் பட்டியலை வாய்விட்டுப் படித்த வீடுகளில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

நிவாரணப் பணியைச் சபையின் 'சமூக சேவைப் பிரிவு' வேலை என்று ஒதுக்கிவைப்பது எனக்குச் சரியாகப் படுவதில்லை. பத்து வயதுப் பிள்ளை மனப்பாடம் செய்த பாடத்தின் செய்முறை அது.

வீட்டு ஜெபம் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும்? வேலையிலிருந்து வரவே இரவு ஒன்பதாகிவிடுகிறது.

பத்து நிமிடம் போதும். லுத்தர் எழுதிவைத்த காலை ஜெபமும் மாலை ஜெபமும் சில வரிகள்தான். விசுவாசப்பிரமாணம், பரமண்டல ஜெபம், ஒரு சிறு ஜெபம். அதன் பிறகு காலையில் சந்தோஷமாக வேலைக்குப் போ என்கிறார், இரவில் உடனே நிம்மதியாகத் தூங்கு என்கிறார். மணிக்கணக்கில் உட்கார வைத்துப் பிள்ளைகளுக்கு ஜெபமென்றாலே கொட்டாவி வரச் செய்பவர்கள் இந்தக் கடைசி வரியைக் கவனிக்க வேண்டும்.

மாமியார் இந்து. வீட்டில் மாரியம்மன் படமும் உண்டு. எங்கள் ஜெபத்தில் அவரை எப்படிச் சேர்ப்பது?

கட்டாயப்படுத்தாதீர்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் உட்காரட்டும், அடுப்படியில் இருந்தால் இருக்கட்டும். அவர் பெயரைச் சொல்லி, அவர் மூட்டுவலியைச் சொல்லி ஜெபியுங்கள். அது போதும்.

சுனாமி கடவுள் கொடுத்த தண்டனை என்று ஒரு பிரசங்கியார் சொன்னார். லுத்தரன் சபையும் அப்படித்தான் நம்புகிறதா?

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலை ஆராதனை நேரத்தை ஒட்டித்தான் அலை வந்தது. தமிழ்நாட்டில் இறந்த ஏறத்தாழ 8,000 பேரில் 6,000க்கும் மேற்பட்டவர்கள் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தவர்கள் அல்லது அங்கே வந்திருந்தவர்கள். தரங்கம்பாடியும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. இப்போது மயிலாடுதுறை மாவட்டம். வேளாங்கண்ணியில் பண்டிகைக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் எத்தனையோ பேர் கரையிலேயே போனார்கள். ஜெபிக்க வந்த இடத்தில் செத்தவர்களைத் தண்டனை பெற்றவர்கள் என்று சொல்ல ஒருவருக்கு எப்படி நாக்கு வருகிறதோ!

இயேசுவிடமே இந்தக் கேள்வி வந்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லோரையும்விடக் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, அப்படியல்ல என்கிறார் (லூக்கா 13). பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோதும் இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்றார் (யோவான் 9). துன்பத்தில் கிடந்த யோபுவிடம் அவர் நண்பர்கள் அதிகாரம் அதிகாரமாகக் காரணம் சொன்னார்கள். முடிவில் கடவுள் கோபித்துக்கொண்டது அவர்கள்மேல்தான்.

லுத்தர் 1518இல் ஹைடெல்பெர்க் நகரில் வாதாடியபோது இரண்டு வகைப் போதகரைப் பிரித்தார். கடவுளின் மறைவான திட்டத்தையெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டதுபோல் பேசுகிறவர் ஒருவர். சிலுவையில் பாடுபடும் கிறிஸ்துவிடம் கடவுளைத் தேடுகிறவர் மற்றவர். முதல் வகையினர் கெட்டதை நல்லது என்றும் நல்லதைக் கெட்டது என்றும் சொல்வார்கள், இரண்டாம் வகையினர் உள்ளதை உள்ளபடி சொல்வார்கள் என்றார். சுனாமி கொடுமையானது. அதைக் கொடுமை என்று சொல்வதுதான் இங்கே லுத்தரன் போதனை. அது ஏன் நடந்தது என்ற கேள்விக்குப் பூமித்தட்டு நகர்ந்தது என்பதற்கு மேல் சபைக்கு ஒரு ரகசியமும் தெரியாது. எங்கே நிற்க வேண்டும் என்று மட்டும் தெரியும்: அழுகிறவர்களோடு.

பிள்ளை கேட்கிறது: "நாம தினமும் ஜெபம் பண்ணினோமே, தாத்தாவை ஏன் சாமி காப்பாத்தல?" என்ன சொல்வது?

'தெரியலடா' என்று சொல்லுங்கள். பிள்ளைகள் பொய்யை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். 'தாத்தாவைச் சாமிக்குப் பிடித்துப்போய்விட்டது, அதனால் எடுத்துக்கொண்டார்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை சாமிக்குப் பிடித்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டே படுக்கும். தாத்தா ஞானஸ்நானத்தில் கிறிஸ்துவோடு சேர்க்கப்பட்டவர், அந்தக் கட்டு கடலால் அறுவதில்லை என்பதைச் சொல்லலாம்.

சங்கீதப் புத்தகத்தைத் திறந்து 13ஆம் சங்கீதத்தைச் சேர்ந்து படியுங்கள். "எதுவரைக்கும் கர்த்தாவே" என்று சண்டை பிடிக்கிற ஜெபம் அது. 88ஆம் சங்கீதம் இன்னும் மோசம், கடைசி வரிவரை இருட்டுத்தான். கடவுளிடம் கோபப்படுவதும் ஜெபம் என்று பிள்ளைக்குத் தெரியட்டும். பிள்ளை கடற்கரைக்கு வர மாட்டேன் என்றால் இழுத்துக்கொண்டு போக வேண்டாம். வாரக்கணக்கில் தூங்காமல், பேசாமல், படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தால் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

புயல் வருகிறது என்று ஊரைவிட்டுப் போனால் விசுவாசம் இல்லை என்கிறார்கள். சபைக் குருவான ஐயர்கூடக் கிளம்பிவிட்டார் என்று கோயிலில் ஒரே பேச்சு.

இதே கேள்விக்கு லுத்தர் ஒரு முழுக் கடிதமே எழுதியிருக்கிறார். 1527 ஆகஸ்டில் விட்டன்பெர்க் நகரில் கொள்ளைநோய் புகுந்தது. பல்கலைக்கழகமே யேனா நகருக்கு இடம் மாறிப் போனது. லுத்தர் போகவில்லை. மனைவி கத்தரினா கர்ப்பிணி. வீட்டிலேயே நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள், வீடு ஆஸ்பத்திரியாகிவிட்டது என்று நண்பருக்கு எழுதினார். அந்த நாட்களில்தான் பிரேஸ்லாவ் நகரத்துக் குருமார், கொள்ளைநோய்க்குப் பயந்து ஓடலாமா என்று கேட்டிருந்ததற்குப் பதில் எழுதினார்.

பதில் நம் ஊர்ப் பேச்சைவிட நிதானமானது. பொறுப்பில் இருப்பவர்கள் போகக் கூடாது: குருமார், நகரத் தலைவர்கள், நீதிபதிகள், நோயாளியைப் பார்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள். பெற்றோர் பிள்ளைகளை விட்டோ, பிள்ளைகள் பெற்றோரை விட்டோ ஓடக் கூடாது. தன் இடத்தில் வேறொருவரைத் தகுந்தபடி வைத்துவிட்டுப் போவதில் குற்றமில்லை. மற்றவர்கள் போகலாம். போனவர்களை இருப்பவர்கள் ஏசக் கூடாது. எல்லோருடைய விசுவாசமும் ஒரே அளவு இல்லை.

அதோடு அவர் நிறுத்தவில்லை. வீடு தீப்பிடித்தால் கடவுள் சித்தம் என்று உள்ளேயே உட்கார்ந்திருப்பாயா, தண்ணீரில் விழுந்தால் நீந்தாமல் மூழ்குவாயா என்று கேட்கிறார். மருந்து சாப்பிட மாட்டேன் என்பது வீரமில்லை, கடவுளைச் சோதிப்பது என்கிறார். நான் புகை போடுவேன், மருந்து கொடுப்பேன், நானும் சாப்பிடுவேன், என் தேவை இல்லாத இடத்துக்குப் போக மாட்டேன், அயலானுக்கு நான் வேண்டுமென்றால் எங்கேயும் போவேன் என்பது அவர் கணக்கு. கொரோனா வந்தபோது உலகமெங்கும் இந்தக் கடிதத்தைத் தேடிப் படித்தார்கள்.

ஆகவே வருவாய்த்துறை ஆட்கள் வந்து கிளம்பச் சொன்னால் கிளம்புங்கள். போகும்போது தெருவில் தனியாக இருக்கும் கிழவியைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஐயர் விஷயத்தில், யாரைப் பொறுப்பில் வைத்துவிட்டுப் போனார் என்று விசாரித்துவிட்டுப் பேசுங்கள்.

கோயில் கூரை பறந்துவிட்டது. தார்ப்பாய்க்குக் கீழே நற்கருணை (அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனை) நடத்தலாமா?

தாராளமாக. சுவிசேஷம் சுத்தமாகப் பிரசங்கிக்கப்பட்டு, சாக்கிரமெந்துகள் (ஞானஸ்நானமும் நற்கருணையும்) முறையாகக் கொடுக்கப்படும் இடமே திருச்சபை என்று 1530இன் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை ஏழாம் பிரிவில் சொல்கிறது. ஓடு பற்றி அதில் எதுவும் இல்லை.

நிவாரணப் பொருளை முதலில் நம் சபையாருக்குத்தானே கொடுக்க வேண்டும்?

இந்தக் கேள்வி வராத ஊரே இல்லை. கேட்பவர் கெட்டவரும் இல்லை. அவர் வீட்டுக் கூரையும் போயிருக்கும்.

சபையார் வீட்டுக்கு ஐயர் போய்ப் பார்ப்பது கடமை. அது வேறு. ஆனால் பொருள் வீடு வீடாகப் பார்த்து, யாருக்கு எவ்வளவு போயிருக்கிறது என்ற கணக்கில் போக வேண்டும். நல்ல சமாரியன் உவமையில் அடிபட்டுக் கிடந்தவன் எந்தச் சபை என்று இயேசு சொல்லவில்லை.

சுனாமி நேரத்தில் இந்தக் கரையில் இரண்டு விதமும் நடந்தது. பரங்கிப்பேட்டையில் முஸ்லிம் ஜமாஅத்தார் கல்யாணத்துக்கு வைத்திருந்த சாப்பாட்டைத் தொடங்கிப் பல நாட்கள் மீனவக் குடும்பங்களுக்குச் சோறு போட்டார்கள். யார் என்ன சாமி கும்பிடுகிறார்கள் என்று கேட்கவில்லை. அதே நாட்களில் முகாம்களில் தலித் குடும்பங்களை ஒதுக்கினார்கள், சேர்ந்து தங்கவிடவில்லை, பொது டேங்கில் தண்ணீர் பிடிக்கவிடவில்லை என்ற புகார்கள் ஆதாரத்தோடு பதிவாகின. படகு இழந்தவருக்கு இழப்பீட்டுக் கணக்கு இருந்தது. கூடையில் மீன் விற்ற பெண், உப்பளக் கூலி, வயல் கூலி ஆகியோர் கணக்கில் விடுபட்டுப் போனார்கள்.

லுத்தரன் சபைக்கு இதில் பிறரைச் சுட்டிக்காட்டும் தகுதி குறைவு. 18ஆம் நூற்றாண்டுத் தரங்கம்பாடியிலேயே கோயிலுக்குள் சாதிவாரியாகத் தனித்தனி இடம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் சாதியைப் பொறுத்துக்கொள்ளலாமா கூடாதா என்று மிஷனரிகள் பிரிந்து நின்று சண்டை போட்டார்கள். இன்றும் சபைத் தேர்தல் நேரத்தில் அது தலைகாட்டும். இதனால்தான் நிவாரணப் பட்டியலை ஒரு தெருக்காரர் மட்டும் உட்கார்ந்து எழுதக் கூடாது. ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒரு பெண் இருக்கட்டும். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். குடியிருப்பின் கடைசியில், வாய்க்கால் ஓரத்தில் இருப்பவர்களிடமிருந்து பட்டியலைத் தொடங்குங்கள். ரோட்டோரம் இருப்பவர்களுக்கு லாரி எப்படியும் நிற்கும்.

பொருள் கொடுக்கும்போது ஒரு சுவிசேஷக் கைப்பிரதியும் கொடுக்கலாமா? ஆத்துமா ஆதாயம், ஒருவரைக் கிறிஸ்துவிடம் கொண்டுவருவதுதானே?

கூடாது. பசித்தவன் கை நீட்டும்போது அதில் நிபந்தனை வைக்கக் கூடாது. லுத்தரன் போதனைப்படி இரட்சிப்பே இலவசம். அதை அரிசி மூட்டையோடு கட்டினால் இரண்டுமே கெடும். பேரிடர் நிவாரணத்துக்கென 1994இல் செஞ்சிலுவைச் சங்கமும் பெரிய தொண்டு அமைப்புகளும் வகுத்த நடத்தை விதிகளில், உதவியை அரசியல் அல்லது மதக் கருத்தைப் பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்று உள்ளது. அதை முன்னின்று வகுத்தவற்றில் லுத்தரன் உலகச் சம்மேளனமும் ஒன்று. யாராவது 'நீங்க ஏன் இதெல்லாம் செய்யறீங்க?' என்று கேட்டால் பதில் சொல்லுங்கள். கேட்காதபோது தார்ப்பாயைக் கட்டிக்கொடுங்கள்.

வெளியூர்ச் சபையிலிருந்து அனுப்ப விரும்புகிறோம். என்ன அனுப்பலாம்?

பழைய துணி வேண்டாம். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் ரோட்டோரங்களில் யாரும் தொடாத துணிக் குவியல்கள் மழையில் ஊறிக் கிடந்ததைப் பலரும் பார்த்தார்கள். கடலோர வெயிலில் யார் ஸ்வெட்டர் போடுவது? எல்லாம் இழந்தவர்களுக்கும் ரோஷம் உண்டு. கொடுத்தால் புதுத் துணி, அதுவும் உள்ளாடையும் நைட்டியும் லுங்கியும்.

கஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பர் 16 விடியுமுன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் இருபது முப்பது வருடத் தென்னைகள் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. கம்பங்கள் போனதால் மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆன ஊர்கள் உண்டு. அப்போது அரிசியைவிட ஜெனரேட்டர்தான் பெரிய தேவை. டாடா ஏஸில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய், மோட்டாரைப் போட்டு டேங்கில் தண்ணீர் ஏற்றுவார்கள். டேங்க் நிரம்புவதற்குள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சுற்றிப் பத்திருபது செல்போன் சார்ஜுக்குக் கிடக்கும். டீசலுக்குப் பணம் கொடுத்தவர்தான் அன்றைக்கு ஊருக்கே தண்ணீர் கொடுத்தவர்.

முதல் வாரத்தில் தார்ப்பாய் (மெல்லிய நீலத் தார்ப்பாய் அல்ல, ஓரத்தில் கண் வைத்த கெட்டியானது), கட்டுக் கயிறு, கொசுவத்தி, மெழுகுவர்த்தி, டார்ச், நாப்கின், குழந்தைக்குப் பால் பவுடர், சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும். மரம் அறுக்கும் செயின்சாவும் அதை ஓட்டத் தெரிந்த ஆளும் வந்தால் காலில் விழுவார்கள். பிரெட் பாக்கெட் வேண்டாம், எல்லோரும் அதைத்தான் அனுப்புகிறார்கள். இரண்டாவது மாதத்தில் லாரிகள் வருவது நின்றுவிடும். உதவி அப்போதுதான் உண்மையில் தேவை. பள்ளிக் கட்டணம், ஆடு, தையல் மிஷின், தென்னங்கன்று. புதுக் கன்று காய்க்க வருடங்கள் ஆகும், அதுவரை அந்தக் குடும்பம் எதை வைத்துப் பிழைப்பது என்று யோசித்து அனுப்புங்கள். கிளம்புமுன் இங்கே ஒருவருக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் சபைக் கணக்குக்குப் பணம் அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?

அண்ணனிடம் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் இருந்து, தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. குடியுரிமை மாறிவிட்டால், வெளிநாட்டு இந்தியக் குடிமகன் என்ற ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், சட்டப்படி அது வெளிநாட்டுப் பணம். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவு உள்ள அமைப்புதான் வாங்கலாம், அதுவும் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென்று உள்ள கணக்கில். 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படி வாங்கியதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. 'அவசரம்தானே, செயலாளர் கணக்கில் போட்டுவிடலாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிறகு அலைபவர் செயலாளர்தான்.

காணிக்கை கொடுத்தோம், கணக்கு எங்கே?

நியாயமான கேள்வி. கேட்பவரை விசுவாசமில்லாதவர் என்று மடக்குகிறவர்கள் 1523இல் லைஸ்னிக் என்ற சிறு ஊரில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சபையார் ஏழைகளுக்காகப் பொதுப்பெட்டி ஒன்று வைத்தார்கள். அதன் விதிகளுக்கு லுத்தரே முன்னுரை எழுதினார். பெட்டிக்கு நான்கு பூட்டு. பிரபுக்களிடம் ஒரு சாவி, நகர மன்றத்திடம் ஒன்று, ஊராரிடம் ஒன்று, கிராமத்துக் குடியானவர்களிடம் ஒன்று. நாலு பேரும் வராமல் பெட்டி திறக்காது. பொறுப்பாளர்கள் பத்துப் பேரைச் சபையே தேர்ந்தெடுத்தது. வருடத்துக்கு மூன்று முறை எல்லோர் முன்னிலையிலும் கணக்குப் படிக்க வேண்டும்.

ஐந்நூறு வருடங்களுக்குப் பிறகு நம்மிடம் கூகுள் பே இருக்கிறது, நாலு சாவி இல்லை. நிவாரண நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. வந்த பணத்தையும் செலவான பணத்தையும் தாளில் எழுதிக் கோயில் வாசலில் ஒட்டுங்கள். வாங்கியவர்களின் பெயரையும் போட்டோவையும் மட்டும் ஒட்டாதீர்கள். பெட்ஷீட் வாங்கும் கையைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதை நான் எதிர்த்துப் பேசிக்கொண்டே இருக்கிறேன், பெரிய பலன் இல்லை.

ஞானஸ்நானச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ் எல்லாம் தண்ணீரில் போய்விட்டது.

ஞானஸ்நானம் கொடுத்த சபையின் பதிவேட்டில் இருக்கும், ஐயரிடம் கேட்டால் நகல் தருவார். கோயிலில் நடந்த திருமணம் 1872 கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி பதிவாகி, அதன் நகல் அரசுப் பதிவுத்துறைக்கும் போயிருக்கும். சபைப் பதிவேடே நனைந்துவிட்டால் அங்கே கேளுங்கள். சபையார் இப்போதே பழைய பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வைத்தால் நல்லது.

பிரசவித்த குழந்தை பிழைக்குமா என்று தெரியவில்லை, ஐயர் வர வழியில்லை. யார் ஞானஸ்நானம் கொடுக்கலாம்?

கிறிஸ்தவர் யாரும் கொடுக்கலாம், பாட்டியும் கொடுக்கலாம். தண்ணீரை ஊற்றி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் என்று சொன்னால் அது முழு ஞானஸ்நானம். குழந்தை பிழைத்தால் மறுபடியும் கொடுப்பதில்லை. கோயிலுக்குக் கொண்டுவந்து ஐயரிடம் சொல்லிப் பதிவு செய்தால் போதும்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. புயல் இரவில் உங்கள் கோயில் மண்டபத்தில் தங்கலாமா?

தங்கலாம், கேட்கவே வேண்டாம். சாவி, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை வீட்டில் இருக்கும். ஆனால் மண்டபத்துக்குக் கான்கிரீட் கூரையா, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா என்று முதலில் அண்ணாந்து பாருங்கள். ஷீட் என்றால் அங்கே வராதீர்கள், நாங்களும் அங்கே இருக்க மாட்டோம். கஜாவில் கழுத்தறுக்கும் வேகத்தில் பறந்தவை அந்த ஷீட்டுகள்தான். அரசின் பல்நோக்குப் பேரிடர் பாதுகாப்பு மையம் அல்லது மாடிக் கட்டடமுள்ள பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 1077க்கு அடித்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எடுக்கும். ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் பாலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டைக் கட்டிப்போட்டுவிட்டுப் போகாதீர்கள், கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்.